வண்ணக்கர் கத்தியது எங்களுக்குக் கேட்கவில்லை

பதினெட்டு வருடமாக மட்டக்களப்பில் ஒரு இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். மேடையில் என் இடம் மாறியதே இல்லை: ட்ரம்ஸுக்குப் பக்கத்தில், இடது காதுக்கு நேரே சிம்பல். போன வருடம் ஒரு கோயில் நிகழ்ச்சி முடிந்து வந்து படுத்தால் காதுக்குள் சிள்வண்டு கத்துகிறது. விடிந்தும் நிற்கவில்லை, மூன்றாம் நாளும் நிற்கவில்லை. காது வைத்தியர் சோதித்துவிட்டு வரைபடத்தைக் காட்டினார். 4000 ஹேர்ட்ஸ் பக்கத்தில் கோடு பள்ளத்தில் விழுந்து எழும்பியிருந்தது. சத்தத்தால் கெட்ட காதுக்கு அதுதான் அடையாளமாம். 85 டெசிபல் என்றால் எட்டு மணித்தியாலம் தாங்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். 100 டெசிபலில் கால் மணித்தியாலம். நாங்கள் வாசிப்பது நாலு மணித்தியாலம்.

மேடைச் சத்தம் எப்படி ஏறும் என்பது வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். ட்ரம்ஸ் தம்பி உற்சாகத்தில் பலமாய் அடிப்பார். கிட்டார்காரர் தன் அம்ப்பைக் கூட்டுவார். பாட்டுக்காரத் தங்கச்சி திரும்பி, "அண்ணன், என்ட மொனிட்டரக் கூட்டுங்க, எனக்கே நான் கேக்கல" என்பார். மொனிட்டர் என்றால் வாசிக்கிறவர்களுக்கே கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர். கூட்டினால் மைக் கூவும். குறைத்தால் அவர் சுருதி விலகுவார். இத்தனை வருடமும் இதே சண்டைதான்.

காதுக்குள் வைக்கிற மொனிட்டருக்கு மாறுவோம் என்று நான் சொன்னபோது ஓர்கன்காரர் மட்டும் தலையாட்டினார். கிட்டார்காரர், "அதுக்கேன் காசு? என்னட்ட புளூடூத் ஒண்டு கிடக்கு" என்று எடுத்தே மாட்டிவிட்டார். இரண்டு வரி வாசிப்பதற்குள் கழற்றினார். புளூடூத்தில் ஒலி ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்கு, சிலதில் அதைவிடவும் பிந்தி வரும். பாட்டுக் கேட்க அது போதும், தாளத்தோடு வாசிக்க ஏலாது. இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் மொனிட்டர் பெட்டியிலிருந்து ஒலி காதுக்கு வர ஆறு மில்லி வினாடிதான் எடுக்கும். நம் கைகள் அந்தக் கணக்கில் பழகியவை.

கடைசியில் எல்லாமே வயரோடு என்று முடிவெடுத்தோம். பாட்டுக்காரர்களுக்கு வயர்லெஸ் நல்லதுதான். ஆனால் எந்த அலைவரிசைக்கு இங்கே அனுமதி இருக்கிறது என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் விசாரிக்காமல் வெளிநாட்டிலிருந்து வருவதை வாங்க எனக்கு மனமில்லை. எல்லா ஒலியையும் வாங்கிக் கலக்கிற பழைய பெரிங்கர் எக்ஸ்ஆர்18 மிக்சர் ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுத்தோம். அதில் ஆளுக்கொரு கலவையைத் தனித்தனியாக அனுப்ப ஆறு ஒக்ஸ் வெளியீடு, நாங்களும் ஆறு பேர். ஆளுக்கொரு மொனோ லைன், இடுப்பில் கொழுவ ஒரு சின்னப் பெட்டி. தபேலாக்காரர் வரும் நாட்களில் ட்ரம்ஸ் தம்பியின் லைனைப் பிரித்துக் கொடுப்போம். அந்த இடுப்புப் பெட்டியில் மொனோவா ஸ்டீரியோவா என்று ஒரு சின்னச் சுவிட்ச் உண்டு. அதைக் கவனிக்காமல், ஒரு காதில் மட்டும் கேட்டதால் முதல் ஒரு மணித்தியாலத்தை வயர் பழுது என்று நினைத்தே செலவழித்தோம்.

முதல் பயிற்சி அமிர்தகழியில் ஓர்கன்காரர் வீட்டு விறாந்தையில். எல்லோரும் காதில் மாட்டினோம். ஓர்கன் தெளிவு, ஒக்டபாட் என்கிற மின் தாளப் பலகை தெளிவு, ட்ரம்ஸைக் காணோம்! சின்ன மண்டபங்களில் ட்ரம்ஸுக்கு நாங்கள் மைக் வைப்பதே இல்லை, தானாகவே கேட்கும். காதை அடைத்த பிறகு எதுவும் தானாகச் சரியாய்க் கேட்காது. மிக்சருக்குள் போகாத ஒன்று உங்களுக்கு இல்லாத மாதிரித்தான். பேஸ் ட்ரம்முக்கு ஒன்று, மேலே ஒன்று என்று மைக் கட்டினோம்.

என் பிரச்சினை வேறு. பேஸ் கிட்டார் கொசு மாதிரிக் கேட்டது. கூட்டினேன், இன்னும் கூட்டினேன், பெரிய கொசுவானது. பிழை காதில் இருந்தது. காதுக்குள் வைக்கிற மொனிட்டரின் பஞ்சு முனையை விரலால் மெல்லியதாய் உருட்டி, மற்றக் கையால் காது மடலை மேலே பின்னுக்கு இழுத்து, உள்ளே வைத்து, அது ஊதும்வரை பிடித்திருக்க வேண்டும். ஒரு சின்ன இடைவெளி இருந்தாலும் அடித்தொனி முழுவதும் வெளியே போய்விடும். சரியாக வைத்த பிறகு கூட்டியதில் பாதிக்கு மேல் குறைத்தேன். எங்கள் ஊர் வியர்வைக்கு அது வழுக்கும் என்பதால் வயரைக் காதுக்கு மேலால் சுற்றிச் சட்டைக்குப் பின்னால் ஒட்டியும் விடுகிறோம்.

தங்கச்சிக்குத்தான் கஷ்டம். "குடத்துக்குள்ள தலைய விட்டுப் பாடுற மாதிரிக் கிடக்கு" என்றார். அடைத்த காதில் எலும்பு வழியாக வரும் சொந்தக் குரல் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே முழங்கும். அவரது லைனில் மட்டும் அடித்தொனியை வெட்டி, குரலுக்குக் கொஞ்சம் ரிவேர்ப், அதாவது மண்டபத்து எதிரொலி மாதிரி, போட்டோம். அப்படியும் அவர் ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டுப் பாடப் பார்த்தார். அது கூடாது. ஒரு காதுக்கு மட்டும் கேட்டால் ஒலி குறைந்ததுபோல் தோன்றும், உடனே கை கூட்டப் போகும், பக்கத்து ஸ்பீக்கர் திறந்த காதையும் அடிக்கும். ஆறு லைனிலும் சத்தம் ஒரு அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் போட்டதும் காதைக் காப்பாற்றத்தான். யாராவது மைக்கைக் கீழே போட்டால் அந்த இடி நேரே செவிப்பறைக்குள் இறங்கும்.

இன்னொரு சங்கடத்தை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இத்தனை வருடம் இரைச்சலுக்குள் ஒளிந்திருந்த பிழைகள் எல்லாம் வெளியே வந்தன. கிட்டார்காரர் ஒரு பாட்டின் சரணத்தில் பிழையான கோர்ட் (சுரக்கூட்டு) பிடித்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. என் பங்குக்கும் இரண்டு இருந்தன. அந்தக் கிழமை நாங்கள் அவ்வளவாகக் கதைக்கவில்லை.

முதல் நிகழ்ச்சி கல்லடிப் பக்கம் ஒரு கோயிலில். ஆளாளுக்குப் போனில் தன் லைனைத் தானே கூட்டிக் குறைக்கலாம். சனம் கூடியதும் தங்கச்சியின் போன் வைஃபையிலிருந்து அறுந்தது. பதறினார். போன் அறுந்தாலும் வைத்த அளவு மிக்சரில் அப்படியே நிற்கும், ஒன்றும் ஆகவில்லை. இப்போது 5 கிகாஹேர்ட்ஸ் ரவுட்டர் ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறோம், போன்கள் எல்லாம் ஃபிளைட் மோடில்.

இரண்டாம் மணித்தியாலம். வாழ்க்கையிலேயே நாங்கள் இவ்வளவு சுத்தமாக வாசித்ததில்லை. கண்ணை மூடி வாசிக்கிறேன். திறந்தால் மேடைக்கு முன்னால் வண்ணக்கர், கோயிலை நிர்வகிக்கிறவர், சால்வையை வீசி வீசி ஏதோ சொல்கிறார். ரசிக்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். ஓர்கன்காரரும் சிரித்தார். வண்ணக்கர் மேடையில் ஏறி என் காதிலிருந்ததைப் பிடுங்கிய பிறகுதான் உலகம் கேட்டது: மேளம், நாதஸ்வரம், அரோகரா! சுவாமி வெளிவீதி வந்து எங்களுக்கு நேரே நிற்கிறது, நாங்கள் குத்துப்பாட்டில் நிற்கிறோம்.

"செவிடனுகளா மனே நீங்க? எத்தின தரம் மைக்கில சொல்லுற!"

அன்றிரவே மன்னிப்புக் கேட்டோம். அடுத்த நிகழ்ச்சிக்கு மேடை ஓரத்தில் சனத்தைப் பார்த்தபடி ஒரு மைக் வைத்து, அதை ஆறு பேரின் காதுக்கும் மெல்லிதாகக் கொடுத்தேன். கைதட்டல் கேட்டதும் தங்கச்சி ஒரு பக்கத்தைக் கழற்றும் பழக்கத்தை விட்டார். அவருக்குக் குறைந்திருந்தது அதுதான் போல. நாங்கள் ஆளுக்காள் பேச, சனத்துக்குக் கேட்காத ஒரு மைக்கும் வைத்தோம்.

என் காதில் சிள்வண்டு முழுதாகப் போகவில்லை, இரவில் மட்டும் கொஞ்சம் கத்தும். நிகழ்ச்சி முடிந்த அன்று கூடுவதில்லை.

அதே கோயிலுக்குத் திரும்பப் போனபோது வண்ணக்கர் மிக்சர் பக்கம் வந்து நின்றார். "என்ட மைக்கும் உங்கட காதுக்குள்ள வரணும்" என்றார். பதினாறாம் சனலில் கொழுவினோம். போனில் இன்றைக்கும் அந்தச் சனலின் பெயர் 'வண்ணக்கர்' தான்.