எங்கள் வீட்டில் இப்போது மீட்டர் சீசன்

மகனுக்கு ஒரு பொருள்மேல் மோகம் வந்து, கொஞ்ச நாளில் அது வேறொன்றுக்குத் தாவும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'சீசன்'. மாம்பழ சீசன் மாதிரி ஃபேன் சீசன், குக்கர் சீசன், ரயில் சீசன். மகனுக்கு ஆட்டிசம் என்று உறுதியானபோது வயது மூன்று; இப்போது ஒன்பது. இதற்குள் ஏழெட்டு சீசன் பார்த்துவிட்டோம்.

முதலில் வந்தது சீலிங் ஃபேன். யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி, ஸ்விட்சைத் தட்டிவிட்டு மல்லாக்கப் படுத்துக்கொள்வான். ரெகுலேட்டர் மூன்றில் இருக்க வேண்டும். நாலுக்குப் போனால் காதைப் பொத்துவான். கரண்ட் போனால் இறக்கை மெல்ல நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்து, நின்ற நொடியில் தலையைத் தரையில் மோதுவான். "கண்ணுல படாம வச்சா மறந்துடுவான் மாப்ளே" என்றார் உறவுக்காரர் ஒருவர். நானும் நம்பி, ஹால் ஃபேனைக் கழற்றிப் பரண்மேல் போட்டேன். மே மாதம் வேறு. பதினொரு நாள் அந்த வெறும் கொக்கிக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பாட்டைக்கூட அங்கேயே வைத்துத்தான் ஊட்டினோம்.

பன்னிரண்டாம் நாள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். ஏன் கழற்றினீர்கள், ஏன் மாட்டுகிறீர்கள் என்று அவர் ஒன்றும் கேட்கவில்லை. மாட்டி முடித்து, ரெகுலேட்டரில் கையை வைத்துக்கொண்டு, "தம்பி, எத்தனையில வைக்கட்டும்?" என்றார். அவன் மூன்று விரலைக் காட்டினான். அதுவரை யார் எது கேட்டாலும் அவனிடமிருந்து பதில் வந்ததில்லை.

அதற்கப்புறம்தான் அவனுடைய தெரபிஸ்ட் சொன்னது எனக்குப் புரிந்தது. பிடுங்காதீர்கள், அதற்கு ஒரு நேரமும் இடமும் கொடுங்கள் என்பார். ஒரு அட்டையில் இரண்டு படங்கள்: முதலில் பல் துலக்குவது, பிறகு ஃபேன். சீசன் மாறினால் இரண்டாவது படத்தை மட்டும் மாற்றி ஒட்டுவோம். அட்டை இன்னும் அதேதான். ஓரம் பிய்ந்து செல்லோடேப்பில் நிற்கிறது.

புத்தகங்களில் அவ்வளவாகச் சொல்லாத ஒன்று இரண்டு சீசனுக்கு நடுவில் வரும் நாட்கள். பழையது போய்விட்டிருக்கும், புதியது இன்னும் வந்திருக்காது. குக்கர் விசில் மோகம் முடிந்தபோது மூன்று வாரம் தூக்கமில்லை, மணிக்கட்டைக் கடித்துக்கொண்டான், வந்துகொண்டிருந்த சில சொற்களும் நின்றுபோயின. பின்னோக்கிப் போகிறான் என்று பயந்து ஒவ்வொரு டாக்டராக அலைந்தோம். இப்போது அந்த நாட்களில் கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. புதிய தெரபி எதையும் தொடங்குவதில்லை. மூன்று வேளையும் இட்லி கேட்டால் இட்லிதான். உறவுகளில் சிலருக்குக் கோபம். இருக்கட்டும்.

அப்புறம் ரயில். குரோம்பேட்டையில் இருந்துகொண்டு மின்சார ரயிலில் இருந்து தப்பிக்கவா முடியும்? பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம் என்று கடற்கரை வரை பதினைந்து நிலையங்களையும் வரிசை தப்பாமல் சொல்வான். "ஜீனியஸ் சார்" என்பார்கள். அந்த ஜீனியஸுக்கு அப்போது சட்டைப் பட்டன் போடத் தெரியாது. எனக்கு அதுதான் கவலை. ஆனால் ஒரு நாள் காலை சமையலறை வாசலில் வந்து நின்று, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றான். என் மனைவி தோசைக் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் அதையே சொல்லி, தட்டைத் தொட்டான். பசிக்கிறதாம். ஒரு வருடம் எங்கள் வீட்டில் பசிக்கு அதுதான் சொல்.

முடி வெட்டுவதும் ரயிலால்தான் கைகூடியது. முன்பெல்லாம் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் தூங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக நானே கத்தரிப்பேன். சலூன்காரர் நிலையப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வெட்ட ஆரம்பித்தார். கடற்கரை வருவதற்குள் முடித்துவிட வேண்டும், அதுதான் ஒப்பந்தம். நுங்கம்பாக்கத்தில் பின்கழுத்து, எழும்பூரில் காதோரம்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக மதிப்பீட்டுக்குப் போனதும் அப்போதுதான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் வரும் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. நாற்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். கூட்டினால் எழுபதும் அதற்கு மேலும் வந்தால் ஆட்டிசம். அதில் ஒன்று, உயிரற்ற பொருட்களின் மேல் அளவுக்கு மீறிய பற்று உண்டா என்பது. "எந்தப் பொருள் மேல சார், போன மாசத்துதா இந்த மாசத்துதா?" என்று கேட்டுவிட்டேன். மதிப்பீடு செய்தவர் சிரிக்கவில்லை. நியாயம்தான், வெளியே வரிசை நீளமாக இருந்தது.

ரயில் நிலைத்துவிட்டது என்று நம்பி, எங்கள் இருவருக்கும் மூன்று மாத சீசன் டிக்கெட் எடுத்தேன். ஐந்து வாரம்தான் ஓடியது. ஒரு சாயங்காலம் பிளாட்பாரத்தில் வண்டி வந்து நின்றது. அவன் திரும்பவே இல்லை. சுவரில் இருந்த ஏதோ ஒரு பெட்டியில் மினுக்கும் சிவப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "டேய், வண்டி வந்துடுச்சு பாரு" என்று தோளைப் பிடித்துத் திருப்பினேன். கையைத் தட்டிவிட்டான். வண்டி போய்விட்டது. உண்மையில் அன்றைக்கு அழுதது நான்தான். ஞாயிற்றுக்கிழமை ஜன்னலோரத்துக்கு நான் பழகிவிட்டிருந்தேன்.

இப்போது ஈபி மீட்டர். தெருவில் எந்த வீட்டுக் காம்பவுண்டிலும் நுழைந்து சிவப்பு விளக்கு எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணுகிறான். பக்கத்து வீட்டு அக்கா முதலில் சத்தம் போட்டார். நேரில் போய் விஷயத்தைச் சொன்னதும், "சாயங்காலம் ஆறு மணிக்கு வரட்டும், கேட்டைத் திறந்து வைக்கிறேன்" என்றார். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்க வருபவருக்காக காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறான்.

போன வாரம் சலூனில் அவர் வழக்கம்போல "பல்லாவரம்" என்று தொடங்கினார். கத்தல். நாற்காலியில் இருந்து இறங்கிவிட்டான். "யூனிட் எண்ணுங்க அண்ணே" என்றேன். ஒன்று, இரண்டு என்று அவர் எண்ண, அவன் திரும்ப ஏறி உட்கார்ந்தான். நூறு வந்ததும், "நூறு வரைக்கும் ஃப்ரீ" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னான். வெட்டி முடிக்கும்போது நூற்று நாற்பத்து மூன்று.

"நூறைத் தாண்டிடுச்சு தம்பி, காசு கட்டணும்" என்றார் அவர். வீடு வரும்வரை அவன் அதையே சொல்லிக்கொண்டு வந்தான்.