ஹீட்சிங்க் சூடாகும் முன்பே டிரான்சிஸ்டர் போனது

நான் கட்டுகிற ஆடியோ ஆம்ப்ளிஃபையரில் மூன்றாவது அவுட்புட் டிரான்சிஸ்டர் ஜோடியும் (2எஸ்சி5200, 2எஸ்ஏ1943) போய்விட்டது. ஸ்பீக்கருக்குப் பதிலாக 8 ஓம் சுமையை மாட்டி, பாதி வால்யூமில் இருபது நிமிடம் ஓடவிட்டிருந்தேன். டிரான்சிஸ்டரின் வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்கில் கை வைத்தால் இளஞ்சூடுதான். திடீரென்று ஃபியூஸ் போனது. மீட்டரை வைத்துப் பார்த்தால் 2எஸ்சி5200இல் கலெக்டர் காலும் எமிட்டர் காலும் உள்ளுக்குள் ஷார்ட்டாகி ஒன்றாகிக் கிடக்கின்றன. முந்தைய இரண்டு ஜோடிகளும் இப்படியேதான் போயின.

முதல் தடவை பயாஸ் (பாட்டு இல்லாதபோதும் ஓடுகிற சிறு மின்னோட்டம்) மேல் சந்தேகப்பட்டு, சூட்டுக்கு ஏற்ப அதைச் சரிசெய்யும் பிடி139 டிரான்சிஸ்டரை ஹீட்சிங்கில் இன்னும் நெருக்கமாகப் பொருத்தினேன். இரண்டாம் தடவை ஆம்ப்ளிஃபையர் தானாக அலைவுறுகிறதோ என்று, அதை அடக்க வெளியீட்டில் போடும் ஸோபல் மின்தடையையும் கெப்பாசிட்டரையும் மாற்றினேன். மைக்கா, வெப்பப் பசை எல்லாம் புதிது. மூன்றாவதும் போன பிறகுதான் சர்க்யூட்டை விட்டுவிட்டு டிரான்சிஸ்டரைக் கையில் எடுத்தேன்.

கணக்குப்படி இது போகவே கூடாது. 32-0-32 டிரான்ஸ்ஃபார்மர், இருபக்கமும் 45 வோல்ட். 8 ஓம் சுமையில் மிக மோசமான நிலையிலும் ஒரு டிரான்சிஸ்டரில் சராசரியாக 26 வாட் வெப்பம்தான் எரியும். தோஷிபா தரவுத்தாளில் 230 வோல்ட், 15 ஆம்பியர், 150 வாட் என்று இருக்கிறது. அதனால்தான் ஒரு ஜோடியே போதும் என்று வடிவமைத்தேன். அந்தக் கணக்கில் இப்போதும் எனக்குச் சந்தேகம் இல்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மிச்சம் இருந்ததை எல்லாம் அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நான் அதற்குள் அசிட்டோன் போட்டுத் தேய்த்துப் பார்த்திருந்தேன், எழுத்து அழியவில்லை, ஆகவே அசல்தான் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டே நிமிடம் பார்த்தார். “தம்பி, பேரைப் பார்க்காதே, எந்தத் தொகுப்பில் செஞ்சதுன்னு காட்டுற லாட் எண்ணைப் பாரு. என்பிஎன் வேற, பிஎன்பி வேற. ரெண்டுலயும் எப்படி ஒரே எண் வரும்?” என்றார். உண்மைதான். என்பிஎன் வகை 2எஸ்சி5200 எட்டு, பிஎன்பி வகை 2எஸ்ஏ1943 எட்டு வாங்கியிருந்தேன். போனவை, மிஞ்சியவை எல்லாவற்றிலும் ஒரே எண்.

சரி, சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. சீனத்துச் சோதனைக் கருவியில் வைத்தால் எச்எஃப்இ (மின்னோட்டப் பெருக்கம்) 110 என்று அழகாகக் காட்டுகிறது. அது சில மில்லி ஆம்பியரில் எடுக்கிற அளவு, அங்கே சின்னச் சில்லும் பெரிய சில்லும் ஒன்றுபோலத்தான் நடந்துகொள்ளும். சில்லின் அளவைக் காட்டிக்கொடுப்பது கலெக்டர்-பேஸ் கெப்பாசிட்டன்ஸ், அதாவது அந்த இரண்டு கால்களுக்கு இடையே மின்னூட்டம் தேங்கும் அளவு. பரப்பு குறைந்தால் அதுவும் குறையும்.

இந்த அளவீட்டில்தான் இரண்டு இரவு போனது. எமிட்டரை எதனோடும் சேர்க்கக் கூடாது. மீட்டரின் நீண்ட வயர்களே முப்பது நாற்பது பிகோஃபாரட் காட்டும், கையை அருகில் கொண்டுபோனால் எண் ஓடும். கடைசியில் வயர்களைக் கழற்றிவிட்டு, மீட்டரில் செருகும் இரண்டு பனானா பிளக்குகளில் ஒரு சின்ன சாக்கெட்டை நேரடியாகப் பற்றவைத்தேன். வெறும் சாக்கெட்டை வைத்துப் பூஜ்யமாக்கி, டிரான்சிஸ்டரைச் செருகி, கையை எடுத்து, எண் நிற்கும்வரை காத்திருந்து குறித்தேன்.

தரவுத்தாளில் 2எஸ்சி5200க்கு 200 பிகோஃபாரட், 2எஸ்ஏ1943க்கு 360. ஆனால் அது கலெக்டர்-பேஸ் இடையே 10 வோல்ட் கொடுத்து அளந்தது. மீட்டர் அவ்வளவு வோல்ட் கொடுப்பதில்லை. வோல்ட் குறைந்தால் கெப்பாசிட்டன்ஸ் கூடும், ஆகவே அசல் என்றால் என் மீட்டரில் 200ஐவிட நன்றாகவே அதிகம் வர வேண்டும். என்னிடம் மிஞ்சிய ஐந்து என்பிஎன்னும் 150க்கும் 170க்கும் இடையில் நின்றன. பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்றிலிருந்து கழற்றி வைத்திருந்த அசலைச் செருகினேன். 530. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

அப்புறம் ஒரு துடிப்புச் சோதனை. கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) பேட்டரி 12 வோல்ட், கலெக்டரில் 2 ஓம் பெரிய மின்தடை, பேஸில் 100 ஓம், ஒரு அழுத்து பொத்தான். ஒரு விநாடிக்கு மேல் அழுத்தக் கூடாது. அசல் முழுதாகத் திறந்து, கலெக்டர்-எமிட்டர் அரை வோல்டுக்கும் கீழே இறங்கியது. போலியில் 5 வோல்ட் அப்படியே நிற்கிறது. அதாவது ஏறக்குறைய மூன்றரை ஆம்பியரிலேயே மூச்சு வாங்குகிறது.

செத்துப்போன ஒன்றை வைஸில் இறுக்கி உடைத்தும் பார்த்தேன். உள்ளே சில்லு மூன்று மில்லிமீட்டர் சதுரம்கூட இல்லை. இதில்தான் ஹீட்சிங்க் விஷயம் விளங்கியது. ஹீட்சிங்குக்கு வருகிற வெப்பம் அதே அளவுதான், ஆனால் இவ்வளவு சின்னச் சில்லிலிருந்து அது வெளியேறுகிற வழி குறுகல். வெளியே இளஞ்சூடு, உள்ளே கொதிப்பு.

ஜோடி நான்கு வெள்ளிக்கு இணையத்தில் வாங்கியவை இவை. கடைக்காரருக்குப் படங்களோடு எழுதினேன், பதில் இல்லை. மின்தடை, ஸ்க்ரூ, சாக்கெட் எல்லாம் இணையத்திலும், கோலாலம்பூர் போனால் ஜாலான் பசார் கடைகளிலும் தொடர்ந்து வாங்குவேன். பவர் டிரான்சிஸ்டரும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டரும் மட்டும் இனி எலிமென்ட்14, ஆர்எஸ் மாதிரி அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம்தான். விலை பல மடங்குதான், ஆனால் மூன்று ஜோடி எரித்த செலவை நினைத்தால் வலிக்கவில்லை. வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கடைசியில் ‘என்’ போட்ட 2எஸ்சி5200என் வேறு உறையில் வருகிறது, பழைய துளைக்கு அப்படியே பொருந்தாது.

அசல் நான்கு ஜோடி வந்துவிட்டது. என்பிஎன் எல்லாம் 500க்கு மேல், பிஎன்பி எல்லாம் அதைவிட நல்ல உயரத்தில். இடது பக்கத்தில் ஒரு ஜோடியைப் பொருத்தி, எங்காவது ஷார்ட் இருந்தால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டு ஏற்றினேன். பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தது, பயாஸ் 50 மில்லி ஆம்பியரில் நின்றது. பல்பை எடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன். ஹீட்சிங்க் அதே இளஞ்சூடு, ஃபியூஸ் போகவில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பாதையில் நண்பர்கள் போடும் தண்ணீர்ப் பந்தலுக்குத்தான் இந்த ஆம்ப்ளிஃபையர், நேரம் இன்னும் இருக்கிறது. அடுத்தது எம்ஜேஎல்3281ஏ, எம்ஜேஎல்1302ஏ என்ற வேறு பவர் டிரான்சிஸ்டர்களை வைத்து இரண்டு ஜோடிப் பலகை வரைய ஆசை, படம் பாதி முடிந்துவிட்டது.

வலது பக்கம் இன்னும் காலி. அவுட்புட் ஜோடியை இயக்கும் அதன் டிரைவர் டிரான்சிஸ்டர்கள் எம்ஜேஇ15030, 15031 அதே இணையக் கடையில் அதே பொட்டலத்தில் வந்தவை. ஒப்பிட்டுப் பார்க்க அசல் ஒன்று வரும்வரை அவற்றைப் பற்றவைக்கப் போவதில்லை.