குழாய் வண்டியும் வேலூர் வெயிலும்

தூண்கள் மேல் போகும் காற்று நீக்கிய எஃகுக் குழாய்க்குள் பயணிகள் பெட்டி விரையும் ஹைப்பர்லூப் வந்துவிட்டால் சென்னையிலிருந்து பெங்களூருக்கு அரை மணி நேரம்தான் என்று மறுபடியும் ஒரு காணொளி சுற்றிக்கொண்டிருக்கிறது. கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் வேலூர்க்காரனுக்கு முதலில் நினைவுக்கு வருவது வெயில்.

எஃகுக் குழாய் 10 டிகிரி சூடேறினால் கிலோமீட்டருக்குச் சுமார் 12 சென்டிமீட்டர் நீளும். காட்பாடியிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் 15 மீட்டருக்கு மேல்! அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் இரும்பு 10 டிகிரியோடு நிற்குமா? நீளுவதற்கு இடம் விட்டு இணைப்புகள் வைக்க வேண்டும். அவற்றின் வழியே காற்றும் புகக் கூடாது. உள்ளே ஏறக்குறைய வெற்றிடமாக இருந்தால்தான் அந்த வேகமே கிடைக்கும்.

2013இல் ஈலான் மஸ்க் வெளியிட்ட வரைவில் ஒரு பெட்டிக்கு 28 பேர். (நம் ஊர் டவுன் பஸ்ஸில் படிக்கட்டிலேயே பாதிப் பேர் நிற்பார்கள்.) 2020இல் அமெரிக்காவின் நெவாடாவில் வர்ஜின் ஹைப்பர்லூப் நிறுவனம் இரண்டு பேரை ஏற்றிச் சோதித்தபோது எட்டிய வேகம் மணிக்கு 172 கிலோமீட்டர். அந்த நிறுவனம் 2023 இறுதியில் மூடப்பட்டுவிட்டது. சென்னை ஐஐடியின் தையூர் வளாகத்தில் 422 மீட்டர் சோதனைப் பாதை இருக்கிறது. மாணவர்களின் அந்த உழைப்பை நான் கேலி செய்ய மாட்டேன்; ஆராய்ச்சி நடக்கட்டும்.

ஆனால் அந்த வண்டி காட்பாடியில் நிற்குமா? நின்றால் அரை மணிக் கணக்கு கெட்டுவிடும். நிற்காவிட்டால் தூண்களுக்கு நிலம் கொடுப்பது மட்டுமே நம் பங்கு. இப்போதைக்குக் காலையில் சென்னை போகும் ரயிலில் கூடுதலாக இரண்டு பொதுப்பெட்டி சேர்த்தால் போதும்.