குப்பையில் கிடந்த வியாழன்

வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளை ஆராயும் ரேடியோ வானியல் என்றதும் ராட்சத ஆன்டெனாவும், ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் விஞ்ஞானியும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். பல்கலைக்கழகத்தில் எங்கள் பிழைப்பு வேறு. பாதி நேரம் குப்பை பொறுக்குவதிலேயே போகிறது. கோளிலிருந்து வந்தது எது, பூமியில் கிளம்பியது எது என்று பிரிக்க வேண்டும்.

நான் பார்ப்பது வியாழனின் ரேடியோ வெடிப்புகள், அதாவது அங்கிருந்து திடீரென்று எழும் ரேடியோ அலைகள். தரையிலிருந்து பிடிப்பதென்றால் ஏறக்குறைய 10 முதல் 40 மெகாஹெர்ட்ஸ் வரை. அதற்குக் கீழே அயனிமண்டலம் (வளிமண்டலத்தின் மேலே உள்ள மின்னூட்டம் கொண்ட அடுக்கு) வழிவிடாது. சிற்றலை வானொலி நிலையங்கள் பலவும் இங்கேதான் குடியிருக்கின்றன. ரேடியோக்காரர்களுக்கு இரவு பகல் ஒன்றுதான் என்பார்கள். இந்த அலைவரிசையில் அது நடக்காது. நள்ளிரவு தாண்டி அயனிமண்டலம் மெலிந்தால்தான் கொஞ்சம் நிம்மதி.

திரையில் கிடையாக நேரம், செங்குத்தாக அதிர்வெண். வானொலி நிலையம் கிடைக்கோடாக நீண்டுகொண்டே போகும். மின்னல் செங்குத்துக் கீற்றாக விழும். சார்ஜர்களும் மலிவான எல்இடி விளக்குகளும் சீப்பின் பற்கள் மாதிரி சம இடைவெளியில் கோடு போடும். வியாழன் பெரும்பாலும் வளைந்த விற்களாக வரும்; அதை விட்டுவிட மாட்டோம். தலைவலி, வியாழனிலிருந்தே வந்து, சில மில்லிநொடிகளே இருந்து, உயர்ந்த அதிர்வெண்ணிலிருந்து கீழே சரியும் குறு வெடிப்புகள். 'சட்டென்று எகிறினால் நீக்கு' என்று எழுதிய நிரல் முதலில் வெட்டுவது இவற்றைத்தான். "சார், இப்போ படம் சுத்தமா இருக்கு" என்று மாணவர்கள் காட்டும்போது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கும்.

காரணம் இருக்கிறது. 1955-ல் அமெரிக்காவின் மேரிலாந்தில் பர்க், ஃபிராங்க்ளின் என்ற வானியலாளர்கள் இருவரும் 22.2 மெகாஹெர்ட்ஸில் நண்டு நெபுலாவை (வெடித்த விண்மீனின் மிச்சமான வாயு மேகம்) பார்த்துக்கொண்டிருந்தபோது இடையில் ஏதோ கரகரத்தது. யாரோ ஓட்டிப்போகும் வண்டியின் எஞ்சின் பொறி என்றுகூட நினைத்தார்கள். ஆனால் அது விண்மீன்கள் உதித்து மறையும் நேரத்தை ஒட்டியே வந்தது, கோளைப் போல அவற்றினிடையே மெல்ல இடமும் மாறியது. வியாழன்! அதைவிட என்னை உலுக்குவது ஆஸ்திரேலிய ரேடியோ வானியலாளர் ஷேன் செய்தது. செய்தி கேட்டதும் 1950-51-ல் தாம் எடுத்திருந்த 18.3 மெகாஹெர்ட்ஸ் பதிவுகளைத் திரும்பப் புரட்டினார். இடையூறு என்று ஒதுக்கிய இடங்களில் வியாழன் உட்கார்ந்திருந்தது. பதிவுகளை அவர் தூக்கிப் போடாததால்தான் அதுவும் தெரிந்தது.

1964-ல் பிக் என்ற ஆய்வாளர், இந்த வெடிப்புகள் வியாழனின் அயோ துணைக்கோள் இருக்கும் இடத்தைப் பொறுத்து வருகின்றன என்று கண்டதும் சேர்ந்து கிடந்த பதிவுகளை அலசித்தான். வியாழனின் மேகங்கள் ஒவ்வொரு அட்சரேகையிலும் ஒவ்வொரு வேகத்தில் ஓடுகின்றன; அவற்றை வைத்து உட்பகுதியின் சுழற்சியைச் சொல்ல முடியாது. உட்பகுதி ஒருமுறை சுழல இன்று நாம் சொல்லும் 9 மணி 55 நிமிடம் 30 நொடி, பல வருட ரேடியோ பதிவுகளைக் கோத்துக் கிடைத்த கணக்கு.

அதனால் எங்கள் குழுவில் ஒரே ஒரு பிடிவாதம்: வெட்டவேண்டியதைத் தனிக் கோப்பில் குறித்து வைக்கலாம், மூலத் தரவில் கை வைக்கக் கூடாது. சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்கு இது பிடிக்கவில்லை. "முக்கால்வாசி வானொலி நிலையம்தானே சார், எதுக்கு இத்தனை டெராபைட்?" நியாயமான கேள்விதான். வியாழன் தொடுவானத்துக்குக் கீழே இருக்கும் மணிநேரங்களின் தரவை மட்டும் சுருக்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அதுவும் அரைமனதாகத்தான்; ஏனென்றால் அந்த நேரத்திலும் பால்வெளியின் பின்னணி இரைச்சலை வைத்துத்தான் கருவியின் அளவைச் சரிபார்க்கிறோம். மீதி நேரத்துக்கு இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.