புன்னை முளைத்துவிட்டது

இன்று காலை ஐந்தாவது பையிலும் மண் வெடித்திருந்தது. விரலால் மெல்ல விலக்கினேன். கூரான இளந்தண்டு ஒன்று நிமிர்ந்து நின்றது. அப்படி ஒரு மகிழ்ச்சி!

தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு புன்னை மரத்தடியில், வௌவால் சதையைத் தின்றுவிட்டுப் போட்ட கொட்டைகளில் பதினைந்து பொறுக்கி வந்திருந்தேன். ஓட்டோடு ஊன்றினால் முளைக்க ஏறக்குறைய 2 மாதம் பிடிக்கும். ஓட்டை நீக்கினால் மூன்று, நான்கு வாரம்தான். சுத்தியலால் தட்டியதில் முதல் இரண்டும் பருப்போடு நசுங்கிவிட்டன, மனசே கேட்கவில்லை. பிறகு கை பழகியது. விரிசல் விடும் அளவுக்கு மட்டும் தட்டி, நகத்தால் பெயர்த்தெடுக்க வேண்டும். ஓட்டின் உட்புறம் தக்கை போல ஒரு படலம். இந்தக் கொட்டை கடலில் மிதந்து கரை கரையாகப் போவது இதனால்தான்.

2011 டிசம்பர் 30, தானே புயலில் எங்கள் தெருவே மொட்டையானது. அதன்பின் எல்லோரும் சீக்கிரம் வளரும் மரங்களையே நட்டார்கள். புன்னை மெதுவாகத்தான் வளரும். ஆனால் உப்புக் காற்றும் வெறும் மணலும் அதற்குப் பிறந்த வீடு. ஆண்டு முழுவதும் பச்சை.

மணலில் விளையாட்டாகப் புதைத்த புன்னை விதை முளைத்துவிட, அதை ‘உன் தங்கை’ என்று தாய் மகளிடம் சொல்லும் சங்கப் பாடலை நேற்று என் மகளுக்குச் சொன்னேன். காலையில் அவளே பூவாளியோடு நின்றாள்.

இரண்டு கன்றுகள் எனக்குப் போதும். கடலூர், புதுச்சேரி நண்பர்கள் யாருக்கு வேண்டும்? ஐப்பசி மழையில் நட்டுவிடலாம்.