மூன்று முறை கழற்றிய கார்புரேட்டர்

என்னிடம் வரும்போது அந்த வண்டி ஆறு வருடமாக ஓடாமல் நின்றிருந்தது. 1994 யமஹா விராகோ 535. வி வடிவத்தில் 70 டிகிரி விரிந்து நிற்கும் இரண்டு சிலிண்டர், காற்றிலேயே குளிரும் இஞ்சின், செயினுக்குப் பதில் ஷாஃப்ட். "பேட்டரி மாத்தினா ஓடிரும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நின்றுபோன வண்டியை விற்கிற எல்லோரும் சொல்வதுதான்.

பேட்டரியை உடனே மாட்டவில்லை. இரண்டு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டேன். மறுநாள் கிராங்க் (பிஸ்டன்களோடு சேர்ந்து சுற்றும் தண்டு) நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றினேன். எங்கும் இடிக்காமல் சுற்றியது. இஞ்சின் பிடித்துக்கொள்ளவில்லை என்று தெரிந்ததும் பாதி பயம் போய்விட்டது. பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயிலும் ஃபில்டரும் போட்டேன். இதில் கிளட்ச் தட்டுகள் இஞ்சின் ஆயிலிலேயே மூழ்கிக் கிடக்கும். அதனால் டப்பாவில் ஜாசோ எம்ஏ (ஆயிலில் மூழ்கிய கிளட்சுக்கு ஏற்றது என்ற தரக்குறி) என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்க ஆரம்பித்துவிடலாம்.

அப்புறம் கார்புரேட்டர், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இஞ்சினுக்கு அனுப்புகிற பாகம். இரண்டும் சேர்ந்து சிலிண்டர்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். கையை நுழைப்பதே கஷ்டம். முதல் ஸ்க்ரூவிலேயே தலையைத் தேய்த்துவிட்டேன். ஜப்பான் வண்டி ஸ்க்ரூ பார்க்கப் பிலிப்ஸ் மாதிரியே இருக்கும், ஆனால் அது ஜேஐஎஸ் என்ற வேறு அளவு. பிலிப்ஸ் முனை அதில் முழுதாக இறங்காமல், அழுத்தித் திருப்பும்போது வெளியே ஏறிவிடும். ஜேஐஎஸ் முனை வாங்கிய பிறகு மற்ற ஸ்க்ரூ எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன.

உள்ளே பெட்ரோல் காய்ந்து வார்னிஷ் போல ஒட்டியிருந்தது. ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடுகிற பைலட் ஜெட் இரண்டும் அடைப்பு. அந்த ஓட்டை மயிரிழை அளவுதான். ஒயரிலிருந்து ஒரு செம்பு இழையை உருவி மெதுவாகக் குத்தி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வட்டமாகத் தெரிகிறதா என்று பார்த்தேன். இரும்புக் கம்பி வேண்டாம், ஜெட் பித்தளை, கீறல் விழுந்துவிடும். இவ்வளவு பக்குவமாக வேலை பார்த்தவன், கார்புரேட்டருக்குள் இருக்கும் டயஃப்ரம் என்ற மெல்லிய ரப்பர் சவ்வு மேலேயே கிளீனரை அடித்தேன். கண்ணெதிரே அது ஊதிப்போய், வைத்த இடத்தில் உட்கார மறுத்தது. தலையில் கை வைத்துக்கொண்டு படுக்கப் போனேன். இரண்டு நாள் காற்றாட வைத்ததில் பழைய அளவுக்குச் சுருங்கிவிட்டது. அது அதிர்ஷ்டம்தான்.

எல்லாம் மாட்டி, சோக்கை இழுத்து, ஸ்டார்ட்டரை அழுத்தினால் இஞ்சின் உயிர் பிடித்துவிட்டது. ஆனால் ஓடும் விதம் சரியில்லை. ஐடிலிங்கில் துடித்துத் துடித்து நின்றது, த்ராட்டில் கொடுத்தால் பின்பக்கம் 'டப்' என்று வெடித்தது. இங்கே ஒரு சிக்கல் உண்டு. 70 டிகிரி வி, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் இரண்டு கனெக்டிங் ராடும் ஒரே கிராங்க் பின்னில். அதனால் கிராங்க் சுழற்சியில் ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் 290 டிகிரி, அதற்கடுத்ததற்கு 430 டிகிரி என்று மாறி மாறி வரும். சீரில்லாத அந்தத் தட்டல்தான் இந்த வண்டியின் இயல்பான சத்தம். எது இயல்பு, எது மிஸ்ஸிங் என்று புதிதாகக் கேட்பவனுக்குப் பிரித்துச் சொல்ல வராது. எனக்கு வரவில்லை.

பின் சிலிண்டர் பிளக்கைக் கழற்றினேன். கறுப்பாக, பெட்ரோலில் நனைந்து இருந்தது. அதை மறுபடி கேப்பில் செருகி இஞ்சின் மேல் படும்படி வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றினால் பொறி வந்தது. சரி, கரண்டில் குறையில்லை, பெட்ரோல்தான் அதிகம் வருகிறது என்று முடிவுகட்டினேன். இரண்டாவது முறை கார்புரேட்டரை இறக்கி உள்ளே பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட் என்ற மிதவையின் உயரத்தைச் சரிபார்த்தேன், அது திறந்து மூடும் நீடில் வால்வை மாற்றினேன். மாற்றமில்லை. மூன்றாவது முறையும் இறக்கி, சிலிண்டரோடு சேர்க்கும் ரப்பர் இணைப்புகளை வளைத்துப் பார்த்தேன். ஒன்றில் மெல்லிய வெடிப்பு இருந்தது, இரண்டையும் மாற்றினேன். அப்போதும் அதே 'டப்'. மூன்று வார சாயங்காலங்கள் இப்படியே போயின.

வண்டி வேலை தெரிந்த நண்பன் ஒருவன் பார்க்க வந்தான். "ரெண்டு பைப்பும் சூடாகுதா?" என்றான். நான் பார்த்திருக்கவே இல்லை. வண்டியை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் விட்டு, சைலன்சர் பைப் சிலிண்டரிலிருந்து இறங்குகிற இடத்தில் விரலால் தண்ணீர் தெளித்தான். முன்பக்கம் 'ஸ்ஸ்' என்று ஆவியானது. பின்பக்கம் வழிந்து சொட்டியது. பின் சிலிண்டர் வேலையே செய்யவில்லை.

அப்புறம் பொருள்களை இடம் மாற்றிப் பார்த்தோம். முன் பிளக் பின்னே, பின் பிளக் முன்னே: குறை பின்னாலேயே இருந்தது. பிளக் கேப் இரண்டையும் ஒயரிலிருந்து திருகி எடுத்து இடம் மாற்றினோம். இப்போது பின் பைப் சீறியது, முன் பைப் குளிர்ந்து கிடந்தது! கேப்புக்குள் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். மல்டிமீட்டர் வைத்தால் நல்ல கேப்பில் 10 கிலோ ஓம் அளவுக்குக் காட்டியது, மற்றதில் எதுவும் காட்டவில்லை. உள்ளே அறுந்துவிட்டது. நான் பார்த்த பொறி என்னை ஏமாற்றிய கதையும் அப்போதுதான் புரிந்தது. வெளிக்காற்றில் அறுந்த இடத்தையும் தாண்டிப் பொறி குதித்துவிடும். சிலிண்டருக்குள் அழுத்தத்தில் பிளக் இடைவெளியையும் சேர்த்துத் தாண்ட அதற்கு வலு போதாது. எரியாத பெட்ரோல் பிளக்கை நனைத்தது. நான் கார்புரேட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒயர் முனையை அரை சென்டிமீட்டர் வெட்டிப் புதிதாக்கி, புது கேப் இரண்டு திருகினோம். பத்து நிமிட வேலை.

டேப்பெட்டை, அதாவது வால்வு இடைவெளியை, அதற்கப்புறம் பார்த்தேன், இஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருந்தபோது. இன்டேக் 0.07 முதல் 0.12 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.12 முதல் 0.17. வி-ட்வினில் பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் மேல்நிலைக் குறி ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி. முன் சிலிண்டர் குறியை வைத்துக்கொண்டு பின் வால்வை அளக்கப் போய், இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் நுழையவே இல்லை. நல்லவேளை, அட்ஜஸ்ட் செய்யும் முன்பு சந்தேகம் வந்தது. கார்புரேட்டர் இரண்டையும் சமப்படுத்துவதை இதற்குப் பிறகுதான் செய்ய வேண்டும். வால்வு இடைவெளி மாறினால் உறிஞ்சும் வேகமும் மாறும்.

பிரேக் ஆயில் டீ நிறத்தில் இருந்தது, மாற்றினேன். டயரில் பட்டன் ஆழமாக இருந்தாலும் பக்கச்சுவரில் 2208 என்று பொறித்திருந்தது, அதாவது 2008-இன் 22-வது வாரம். கல்லாகிப் போன ரப்பர், யோசிக்காமல் தூக்கிப் போட்டேன். பின் சக்கரம் வெளியே வந்ததை விடாமல், ஷாஃப்ட் ஸ்ப்ளைன்களுக்கு (ஒன்றோடொன்று பொருந்தும் பல் வரிகள்) மாலிப்டினம் கிரீஸ் தடவி, பின் சக்கர கியர் பெட்டியின் ஆயிலையும் மாற்றினேன்.

சார்ஜிங்கில் மட்டும் இன்னொரு நாள் போயிற்று. பேட்டரியில் 14 வோல்ட்டுக்கு மேல் வர வேண்டியது, இஞ்சினை முறுக்கினாலும் 12.9-ஐத் தாண்டவில்லை. இந்த முறை எதையும் கழற்றவில்லை. மீட்டரை வைத்துக்கொண்டு, இஞ்சினுக்குள் கரண்ட் உண்டாக்கும் ஸ்டேட்டரிலிருந்து வரும் மூன்று வெள்ளை ஒயரைப் பின்தொடர்ந்தேன். இணைக்கிற பிளாஸ்டிக் கனெக்டர் பழுப்பாக உருகியிருந்தது. வெட்டியெறிந்து ஒயரை நேராகச் சால்டர் வைத்தேன். 14.2.

இப்போது ஐடிலிங் 1200-இல் நிற்கிறது. முதல் நீண்ட ஓட்டம் முடிந்து வந்ததும் இரண்டு பைப்பிலும் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன், இரண்டும் சீறின. பக்க மூடியிலிருந்து ஒரு நாளைக்கு நாலைந்து சொட்டு ஆயில் இறங்குகிறது. அடியில் அட்டை விரித்து வைத்திருக்கிறேன். கேஸ்கட் வந்ததும் பிரிக்க வேண்டும்.