மெட்டு ஏறட்டும், அப்புறம் பேசலாம்

எலக்ட்ரிக் பிக்கப் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், எங்கள் வண்டிக் கூட்டத்தில் அன்றைக்கு வேறு பேச்சே கிடையாது. தேனி-இடுக்கி எல்லையில் கம்பம், கூடலூர், குமுளி, கட்டப்பனை என்று மலைக்கு மேலும் கீழும் சிதறிக் கிடக்கிற ஆட்கள். பாதிப் பேர் மலையாளத்தில் திட்டுவார்கள், மீதிப் பேர் தமிழில். ஆனால் வண்டி விஷயத்தில் எல்லோருக்கும் ஒரே மதம்தான், மஹிந்திரா கமாண்டர் ஜீப்பின் டீசல் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த மதம். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு விடியலில் மெட்டு, அதாவது மலைப்பாதை, ஏறுகிற அந்த ஜீப்புகளை எஞ்சின் சத்தத்தை வைத்தே இது யாருடைய வண்டி என்று சொல்லிவிடுகிற ஆட்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் சத்தமே இல்லாத பிக்கப் என்றால்? "கரண்டில ஓடுறது கிரைண்டர் மாப்ள, வண்டி இல்ல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் ஒருவர்.

நான் அந்தக் கட்சியும் இல்லை, எதிர்க்கட்சியும் இல்லை. சண்டை நடக்கிற இடம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அமெரிக்கக்காரன் செய்த பிக்கப்பையும் அதற்கு ஆன கதியையும் யூடியூபில் பார்த்துவிட்டு, நம் ஊர் பிக்கப்புக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அங்கே நடந்தது என்ன? ரிவியன் கம்பெனியின் ஆர்1டி பிக்கப் 2021 செப்டம்பரில் முதலில் தயாரிப்புக்கு வந்தது. அடுத்த வருடம் ஃபோர்டு எஃப்-150 லைட்னிங். அமெரிக்காவில் ஆண்டாண்டாக அதிகம் விற்கிற பிக்கப் வரிசை அது, அதையே கரண்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்றால் ஆட்டம் முடிந்தது என்றுதான் எல்லோரும் எழுதினார்கள், நாங்களும் அப்படித்தான் பேசினோம். டெஸ்லா சைபர்டிரக்கை 2019 நவம்பரில் மேடையில் காட்டி, உடையாது என்று சொன்ன கண்ணாடியை உடைத்தும் காட்டி, 39,900 டாலர் என்றது. 2023 நவம்பர் கடைசியில் கையில் கொடுத்தபோது அந்த விலையைக் காணோம். 2025 மார்ச்சில், பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டீல் தகடு கழன்று விழலாம் என்று 46,000 வண்டிகளுக்கு மேல் திரும்ப அழைத்தார்கள். நம் ஊர் டிங்கரிங் பட்டறையில் இப்படி ஒரு தகடு கழன்றால் ஊரே சிரித்திருக்கும். 2025 டிசம்பரில் ஃபோர்டும் லைட்னிங்கை இப்போதைய வடிவில் நிறுத்துவதாகச் சொல்லிவிட்டது. எலக்ட்ரிக் பக்கம் போட்ட கணக்கைத் திருத்தியதில் 19.5 பில்லியன் டாலர் செலவு எழுத வேண்டியிருக்கிறது என்றார்கள். அடுத்து வரப்போகும் லைட்னிங்கில் சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார்தான், ஆனால் பேட்டரிக்குக் கரண்டு கொடுக்க ஒரு பெட்ரோல் எஞ்சின் ஜெனரேட்டராகக் கூடவே வரும்.

இதை வைத்துத்தான் "பாத்தியா, எலக்ட்ரிக் பிக்கப் தோத்துப்போச்சு" என்கிறார்கள். தோற்றது எது என்று பார்க்க வேண்டாமா. ஹம்மர் இவி என்ற எலக்ட்ரிக் பிக்கப்பின் மொத்த எடை 4 டன்னுக்கு மேல், அதில் பேட்டரி மட்டும் 1,300 கிலோ. 1.3 டன் மாடல் பொலேரோ பிக்கப் ஒரு டிரிப்புக்கு ஏற்றுகிற முழு லோடு அது! லோடு எதுவும் ஏற்றாமலே ஒரு லோடு சுமந்துகொண்டு ஓடுகிற வண்டி. லைட்னிங்கின் பெரிய பேட்டரி 131 கிலோவாட் மணி, வெறும் வண்டியாக ஓட்டினால் 500 கிலோமீட்டர் போகும், பின்னால் கனமான டிரெய்லரை மாட்டினால் தூரம் பாதியாகிவிடும். அங்கே பிக்கப் வைத்திருப்பவர்களில் நிறையப் பேர் வேலைக்காக வைத்திருக்கவில்லை, கம்பீரத்துக்கு வைத்திருக்கிறார்கள். ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை படகை இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போவோம் என்ற நினைப்பை விட முடியாது. அந்த ஒரு நாளுக்காக அவ்வளவு பெரிய பேட்டரி, அவ்வளவு விலை. போதாக்குறைக்கு எலக்ட்ரிக் வண்டி வாங்கினால் கிடைத்த 7,500 டாலர் வரிச்சலுகையும் 2025 செப்டம்பர் 30-ஓடு போய்விட்டது.

எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும், கிரைண்டர் கட்சிக்காரர் உட்பட, பிடித்துப்போன ஒரே அமெரிக்க எலக்ட்ரிக் பிக்கப் ஸ்லேட் என்ற புதுக் கம்பெனியினுடையது. 2025 ஏப்ரலில் காட்டினார்கள். இரண்டு பேர் உட்காரலாம், பெயின்ட் கிடையாது, ஒரே சாம்பல் நிறம், கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும், ரேடியோகூட இல்லை. "இது நம்ம கமாண்டர் அண்ணே" என்றான் கட்டப்பனைப் பையன். சலுகை இருந்த காலத்தில் 20,000 டாலருக்குள் என்று சொன்னார்கள், இப்போது இருபதாயிரங்களின் நடுவுக்குப் போய்விட்டது. ஆனாலும் பிக்கப் என்றால் என்ன என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

சரி, நம் மலைக்கு வருவோம். கம்பத்துக்கும் குமுளிக்கும் நடுவே 20 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் உயர வித்தியாசம் ஏறத்தாழ 500 மீட்டர், அதில் பெரும்பகுதி லோயர் கேம்ப் தாண்டி வருகிற கொண்டை ஊசி வளைவுகளில். டாடா ஏஸ் இவியில் 1 டன் மாடல் இருக்கிறது, பேட்டரி 21.3 கிலோவாட் மணி, சான்றிதழ்ப்படி 161 கிலோமீட்டர். வண்டியும் லோடும் சேர்த்து 2 டன் என்று வைத்துக்கொண்டால் 500 மீட்டர் தூக்குவதற்கு மட்டும் 2.7 கிலோவாட் மணி வேண்டும், இது பத்தாம் வகுப்பு இயற்பியல் கணக்குதான். மோட்டாரில் வீணாவது, சாதாரணமாக ஓடுவதற்கு ஆவது எல்லாம் சேர்த்தால் 6 ஆகும். குமுளி செக்போஸ்ட்டைத் தொடும்போது பேட்டரியில் கால்பங்குக்கு மேல் காலி. பயப்படுகிற எண்ணிக்கை இல்லை, ஆனால் 161 என்று பேப்பரில் பார்த்துவிட்டு வருகிறவன் முழிப்பான்.

இறங்கும்போது சார்ஜ் திரும்ப ஏறுமே என்று கேட்பார்கள். ஏறும், ஆனால் இங்கேதான் நம் ஊர்க் கூத்து. சுவிட்சர்லாந்தில் பீல் நகருக்குப் பக்கத்தில் ஒரு சிமென்ட் கம்பெனியின் சுண்ணாம்புக்கல் குவாரியில் பெரிய எலக்ட்ரிக் டம்பர் ஓடுகிறது. மேலிருந்து கல்லை ஏற்றிக்கொண்டு இறங்கும், காலியாக மேலே போகும். இறங்கும்போது கிடைக்கிற கரண்டிலேயே ஏறுவதற்கு வேண்டியதில் பெரும்பகுதி தேறிவிடுகிறது. கம்பத்தில் எல்லாம் தலைகீழ். தக்காளி, கோஸ், முருங்கை, திராட்சை என்று முழு லோடோடு ஏறுகிறோம், காலிப் பெட்டியோடு இறங்குகிறோம். இறங்குகிற எடை பாதிதான், ஏறியபோது போனதில் சின்னப் பங்குதான் திரும்பும். மேலிருந்து போடியில் ஏலம் விடுவதற்கு இறங்குகிற ஏலக்காய் விலையில்தான் கனம், எடையில் இல்லை. கேரளாக்காரன் காய்கறியைப் பயிரிட்டு நமக்கு அனுப்பியிருந்தால் கரண்டு வண்டிக்கு இதைவிட நல்ல ரோடு கிடையாது.

இன்னொன்று, இதை ஷோரூமில் யாரும் சொல்வதில்லை. பேட்டரி முழுக்க நிறைந்திருந்தால் ரீஜென் பிரேக், அதாவது மோட்டாரே வண்டியைப் பிடித்து அந்தக் கரண்டை பேட்டரிக்குத் திருப்புவது, வேலை செய்யாது, செய்தாலும் பேருக்குத்தான், ஏனென்றால் வருகிற கரண்டை வைக்க இடமில்லை. குமுளியில் இருக்கிற நண்பர் ஒருவர் எலக்ட்ரிக் காரை இரவெல்லாம் சார்ஜில் போட்டு, காலையில் 100 சதவீதத்தோடு மெட்டு இறங்கினார். ஆக்சிலரேட்டரை விட்டாலே வண்டி பிடிக்கும் என்று ஒற்றைப் பெடலில் இறங்கிப் பழகிய கால், பாதி வளைவில் வண்டி பிடிக்கவில்லை என்றதும் பிரேக்கை மிதித்திருக்கிறது, மிதித்துக்கொண்டே வந்திருக்கிறது. லோயர் கேம்ப்பில் டீக்கடை ஓரம் நிறுத்தும்போது கருகல் வாடை. வீலில் தண்ணீர் ஊற்றப் போன கடைக்காரரை மெக்கானிக் ஒருவர் ஓடிவந்து தடுத்தார், சூடான டிஸ்க்கில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். இப்போது அவர் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதே இல்லை, இறக்கம் முழுக்கப் பிரேக்கைத் தொடாமல் வருகிறார். அதுவே டீசல் வண்டிக்காரன் செகண்ட் கியரில் உறுமிக்கொண்டு இறங்குவதைவிட சுகம்.

ஏற்றத்தில் மோட்டாரின் இழுவையைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. நின்ற இடத்திலிருந்தே முழு டார்க். கொண்டை ஊசியில் மேலே இருந்து கேஎஸ்ஆர்டிசி பஸ் இறங்குகிறது, நீங்கள் நின்று வழிவிட வேண்டும், பின்னால் லாரி முட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த இடத்தில் லோடு வண்டியை மறுபடி கிளப்புவதற்குள் கிளட்ச் பிளேட் எரிகிற வாடை தெரியாத டிரைவர் இந்த மலையில் கிடையாது. கரண்டு வண்டியில் கிளட்ச்சே இல்லை. ஜாம்பவான்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், "அந்தத் திறமைக்குத்தான் டிரைவருக்குச் சம்பளம்" என்பார்கள்.

ஓவர்லோடு வேறு கதை. ஆர்சியில் 1 டன் என்றிருக்கும், பின்னால் ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டு ஒன்றரை டன் ஏற்றுவார்கள், ஓணம் சீசனில் அதற்கும் மேல். டீசல் வண்டி கரும்புகையைக் கக்கிக்கொண்டு எப்படியோ ஏறிவிடும், பட்டை உடைந்தால் வழியிலேயே மாற்றிக்கொள்வான். பேட்டரி வண்டியில் கூடுதல் லோடு என்றால் அந்த நிமிடமே ரேஞ்ச் குறைவது கண்ணுக்குத் தெரியும். அப்புறம் வாரண்டி என்று போய் நின்றால், வண்டி எப்படி ஓடியது என்பதெல்லாம் கம்பெனிக்காரன் லேப்டாப்பில் இருக்கும். இந்த வியாபாரமே ஓவர்லோடு வாடகையில் ஓடுகிறது என்பதைச் சொல்லாமல் இங்கே எலக்ட்ரிக் பிக்கப் பற்றிப் பேசுவது வெட்டிப் பேச்சு.

பட்டறைக்காரர்களின் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் அது தாமதமாக வந்த கோபம். நாமே கழற்றி நாமே மாட்டுகிற வண்டி 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோதே போய்விட்டது. சென்சார் ஒன்று பழுதானால் பவர் குறைந்து வண்டி ஊர்ந்துதான் வரும், ஸ்கேனர் மாட்டாமல் என்ன கோளாறு என்று சொல்ல முடியாது. கம்பத்தில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர், டீசல் எஞ்சின் நாஸில் வேலையில் கில்லாடி, இப்போது அவர் பிழைப்பு முழுக்கப் பழைய ஜீப்புகளில்தான். அவரிடமிருந்து புது வண்டியைப் பறித்தது பேட்டரி இல்லை, புது டீசல்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தைச் சொல்பவர்களிடம் மட்டும் நான் வாயை மூடிக்கொள்வேன். இடுக்கியில் ரோடு போய், கரண்டு போய்க் கிடந்தபோது ஜீப்பும் பிக்கப்பும்தான் ஓடின, கேனில் டீசல் கொண்டுபோய் ஊற்றினார்கள். கேனில் கரண்டு கொண்டுபோக முடியாது. அதே சமயம் லைட்னிங் மாதிரி வண்டிகள் கரண்டு போன வீட்டுக்கே கரண்டு கொடுக்கும், 9.6 கிலோவாட் வரைக்கும். ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியின் ஃப்ரிட்ஜையும் விளக்கையும் அது ஓட்டிவிடும். இரண்டும் உண்மை.

கம்பெனிகள் எந்தப் பக்கம் போகின்றன என்றால், எல்லாப் பக்கமும். மறைமலை நகர் ஃபோர்டை 2021 செப்டம்பரில் மூடுகிறோம் என்றபோது தேனிப் பக்கத்துப் பாலிடெக்னிக் பையன்கள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டு 3,250 கோடி ரூபாயோடு திரும்ப வருகிறார்கள். வந்து செய்யப்போவது என்ன தெரியுமா, எஞ்சின். 2029 முதல். அதே தமிழ்நாட்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்ட்டில் எலக்ட்ரிக் கார் ஆலையைத் திறந்திருக்கிறது. ஆந்திர எல்லையில் ஸ்ரீசிட்டியில் 2016 முதல் டி-மேக்ஸ் பிக்கப் செய்கிற இசுசு, 66.9 கிலோவாட் மணி பேட்டரி போட்ட டி-மேக்ஸை வெளிநாட்டுச் சந்தைக்குத் தாய்லாந்தில் செய்கிறது. இசுசுவின் வி-கிராஸ் வைத்திருக்கும் எங்கள் ஆட்கள் அது இங்கே வருமா என்று ஏங்குகிறார்கள். வந்தாலும் விலையைக் கேட்டு வாயைப் பிளப்பார்கள், ஆனால் ஏங்கத் தடை இல்லையே.

என் கணிப்பு, பெரிய பிக்கப் இங்கே கரண்டுக்கு மாறக் காலம் ஆகும். டாடா ஏஸ் மாதிரிக் குட்டியானைதான் முதலில் மாறும். தினமும் ஒரே ரூட், இரவில் ஒரே இடத்தில் நிற்கும், எவ்வளவு கிலோ, எவ்வளவு தூரம் என்பது முதல் நாளே தெரியும். எல்லை தாண்டுகிற எங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. 2018 அக்டோபர் முதல் பேட்டரி வண்டிக்கு பெர்மிட் வேண்டாம் என்று மத்திய அரசு விலக்கு கொடுத்திருக்கிறது. மொத்த எடை 3 டன் தாண்டாத சரக்கு வண்டிக்கு ஏற்கெனவே பெர்மிட் வேண்டாம், ஆகவே குட்டியானைக்காரருக்கு இதில் லாபம் இல்லை. அதற்கு மேலே போகிற பெரிய பிக்கப்காரருக்குத்தான் இது காசு.

எல்லாம் இருந்தும் கை தயங்குவது டியூவிலும் ரீசேலிலும்தான். பத்து வருட டீசல் பிக்கப்பைக் கம்பத்தில் கண்ணை மூடிக்கொண்டு விற்கலாம், எஞ்சினைக் கிளப்பிக் காதைக் கொடுத்தே விலை சொல்ல ஆள் இருக்கிறது. ஐந்து வருடம் ஓடிய பேட்டரிக்கு விலை சொல்ல இந்த ஊரில் ஒரு புரோக்கர் இல்லை. விலை தெரியாத பொருளுக்கு பைனான்ஸ்காரர் வட்டியைக் கூட்டித்தான் போடுவார்.

எங்கள் கூட்டத்தில் காய்கறி லோடு அடிக்கிற மாமா ஒருவர் இருக்கிறார், எலக்ட்ரிக் குட்டியானைக்கு டீலரிடம் டெமோ கேட்டிருக்கிறார். காலி வண்டியைத் தேனி பைபாஸில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்களாம். "நான் வாங்குறது பைபாஸுக்கா? தக்காளி ஏத்துறேன், குமுளி வரைக்கும் போயிட்டு வரேன், அப்புறம் அட்வான்ஸ் தாரேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். டீலர் மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். சரி என்று சொன்னால் நானும் கூடப் போகிறேன், மேலே ஏறும்போது எத்தனை சதவீதம் காலியானது, இறங்கும்போது எத்தனை திரும்ப ஏறியது என்று எழுதுகிறேன்.